லைனுக்கு வெளியே உள்ள வேலை

பின்னலாடை ஆலையில் 'லைன்' என்பது, ஓர் ஆடையைத் தோள் இணைப்பிலிருந்து அடி மடிப்பு வரை தைத்து முடிக்கும் முறையில் வரிசையாகப் போடப்பட்ட எந்திரங்களையும், அவற்றில் அமர்ந்திருக்கும் டெய்லர்களையும், அவர்களுக்குப் பண்டில் எடுத்துக் கொடுத்துப் பிசிர் வெட்டும் உதவியாளர்களையும், கடைசியில் நின்று தைத்த பீஸைப் பார்க்கும் செக்கரையும் சேர்த்துக் குறிக்கும். இந்த வரிசையை நடத்துபவரே லைன் சூப்பர்வைசர். ஆலையின் படிநிலையில் தொழிலாளிக்கு அடுத்து வரும் முதல் தலைமைப் பதவி இதுதான். இதற்கு மேல் ஃப்ளோர் இன்சார்ஜ், அதற்கும் மேல் உற்பத்தி மேலாளர் என்று ஏணி நீள்கிறது. திருப்பூரிலும் அதைச் சுற்றியுள்ள அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர்ப் பகுதிகளிலும் உள்ள ஏற்றுமதி ஆலைகளின் தையல் பிரிவுக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது, அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பெண்கள், நின்றுகொண்டிருப்போரில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதே. 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இத்தனை பெண்கள் உழைக்கும் மாநிலத்தில், அவர்களை நடத்தும் முதல் படியிலேயே பெண்கள் அரிதாக இருப்பதற்குத் திறமைக் குறைவு, ஆர்வக் குறைவு, குடும்பச் சுமை என்று வழக்கமாகக் கூறப்படும் காரணங்கள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆலைத் தளத்தின் அன்றாட நடைமுறையிலிருந்தே ஆராய வேண்டியிருக்கிறது.

தையல் பிரிவின் உற்பத்திப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்து, பெண் டெய்லர்கள் பலர் சூப்பர்வைசராக உயர்த்தப்பட்டதையும், அவர்களில் ஒரு பகுதியினர் ஓரிரு மாதங்களிலேயே "எனக்கு மெஷினே போதுங்க" என்று திரும்பிவிட்டதையும் அருகிருந்து கண்ட கட்டுரையாளரின் கணிப்பு வேறாக இருக்கிறது. அவர்கள் எவரும் லைனுக்குள் தோற்கவில்லை. நூல் ஸ்டோர், மெக்கானிக் அறை, கட்டிங் பிரிவு, மறுநாள் திட்டக் கூட்டம் ஆகிய லைனுக்கு வெளியே உள்ள இடங்களில்தான் அவர்களுடைய சொல் எடுபடாமல் போயிற்று. அந்த இடங்களில் சொல் எடுபடுவதற்கான அதிகாரத்தை நிர்வாகம் அவர்களுக்குக் கொடுக்கவே இல்லை.

நிலைமை இவ்வாறு அமைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளைப் பனியன் தைத்துக்கொண்டிருந்த காலத்தில் எந்திரத்தில் அமர்ந்தவர்கள் ஆண்களே. பெண்கள் 'கைமடி' என்று அழைக்கப்பட்ட உதவி வேலையிலும், அதாவது டெய்லருக்குத் துணியை மடித்து நீட்டுவதிலும், பிசிர் வெட்டுவதிலும், லேபிள் வைப்பதிலும், பெட்டி கட்டுவதிலும் இருந்தார்கள். 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகர்கள் திருப்பூரின் சரக்கைத் தேடி வரத் தொடங்கி, 1980களில் ஏற்றுமதி பெருகியபோது, ஆர்டரை முடிக்க ஆள் போதாத நிலையில் கைமடிப் பெண்கள் எந்திரத்துக்கு வந்தார்கள். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் ஆகிய மூவகை எந்திரங்களையும் அவர்கள் உணவு இடைவேளையில் அமர்ந்து பழகியே கற்றார்கள். முறையான பயிற்சி என்று பெரும்பாலோர்க்கு எதுவும் இருந்ததில்லை. வேலை கைமாறியதே தவிர, வேலை வாங்கும் இடம் கைமாறவில்லை. கட்டிங் மாஸ்டர், அயர்ன் மாஸ்டர், மெக்கானிக் ஆகிய பதவிகள் ஆண்களிடமே நின்றுவிட்டன.

இதனுடன் காண்ட்ராக்ட் முறையும் சேர்ந்துகொண்டது. பஞ்சப்படி கேட்டு 1984இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், முதலாளிகள் வேலையைச் சிறு அலகுகளாகப் பிரித்து வெளியே கொடுப்பதும், ஆலைக்குள்ளேயே தையல் வேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் பீஸ் கணக்கில் ஒப்படைப்பதும் பெருகின. காண்ட்ராக்டர் என்பவர் இருபது முப்பது டெய்லர்களைத் தம் பொறுப்பில் திரட்டி வந்து, முன்பணம் கொடுத்து, ஆலையிடமிருந்து பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கி, அவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பிரித்துக் கொடுப்பவர். இந்த வேலைக்குக் கையில் பணம் வேண்டும், ஊர் ஊராகச் சென்று ஆள் பிடிக்க வண்டி வேண்டும், இரவு பத்து மணிக்கு டீக்கடையில் நின்று அடுத்த ஆலையின் ரேட்டைப் பேச நேரம் வேண்டும். பின்னாளில் பெரிய ஆலைகள் மாதச் சம்பளத்தில் சூப்பர்வைசர்களை நியமித்தபோது, முதலில் தேடப்பட்டவர்கள் இந்தக் காண்ட்ராக்டர்களும் அவர்களுடைய உதவியாளர்களுமே. ஆகவே அப்பதவியின் இலக்கணமே, ஆள் திரட்டத் தெரிந்த, சத்தம் போடத் தெரிந்த, எந்நேரமும் கிடைக்கிற ஓர் ஆணின் சாயலில் எழுதப்பட்டுவிட்டது. தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான திருப்பூர் ஆண்களின் உயர்வைப் பற்றி ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல், தங்கள் உயர்வுக்கு அவர்கள் உழைப்பையே காரணமாகச் சொன்னதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அதே உழைப்பைக் கொடுத்த பெண்களுக்கு அந்த ஏணியின் முதல் படிகூடக் கிட்டவில்லை என்பதை அந்தப் பெருமிதக் கதைகளோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

சூப்பர்வைசர் செய்யும் வேலை என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால், திறமைக் குறைவு என்ற வாதம் நிற்காது. ஓர் ஆடையைத் தைக்க, நிர்ணயித்த வேகத்தில் ஆகும் நேரத்தை 'சாம்' என்று குறிப்பிடுவர். ஒவ்வொரு தையலுக்கும் ஆகும் நிமிடக் கணக்குகளின் கூட்டுத்தொகை அது. ஒரு சாதாரண டி-சர்ட்டின் சாம் 6 நிமிடம் என்றும், லைனில் 15 டெய்லர்கள் என்றும் வைத்துக்கொண்டால், 8 மணி நேர ஷிப்டில் மொத்தம் 7,200 நிமிடங்கள் கையில் இருக்கின்றன. முழுத் திறனில் 1,200 பீஸ் வர வேண்டும். நடைமுறையில் லைனின் திறன் 60 விழுக்காடு என்றால் 720 பீஸ், அதாவது மணிக்கு 90 பீஸ். அடி மடிப்புக்கான பேட்லாக் வேலைக்கு அரை நிமிடம் ஆகும் என்றால், முழு வேகத்தில் மணிக்கு 120 பீஸ் ஓடும். அந்த எந்திரத்தில் அமர்ந்தவரின் வேகமும் 60 விழுக்காடாகவே இருந்தால் 72 பீஸ்தான் வரும், மீதி 18 பீஸ் அவர் முன்னால் குவியும். அங்கே 75 விழுக்காடு வேகத்தில் தைப்பவரை உட்கார வைத்தால் சரியாக 90 பீஸ் நகரும். லைனைச் சமன் செய்தல் என்பது இவ்வாறு குவியும் இடத்தைக் கண்டு, அங்கே யாரை அமர்த்துவது, யாருக்கு யாரைக் கைமாற்றுவது என்று மணிக்கு மணி முடிவெடுப்பதாகும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடத் தெரியாத பெண் டெய்லர்களும் இதைத் தங்கள் கைகளால் அறிந்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டியை வளைவில் இழுக்காமல் தைப்பவர் யார், காலையில் மந்தமாகத் தொடங்கி மதியத்துக்கு மேல் வேகம் பிடிப்பவர் யார், யாருடைய குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் அன்று யாரிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது என்பதெல்லாம், நின்று பார்ப்பவரைவிடப் பக்கத்தில் அமர்ந்து தைத்தவர்க்கே முதலில் தெரியும். பேட்லாக்கில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்து சூப்பர்வைசரான ஒரு பெண், புதிய ஸ்டைல் லைனில் ஏறிய முதல் மணி நேரத்திலேயே, கை இணைப்பில் பீஸ் தேங்கப்போகிறது என்று, லைனின் மணிவாரி உற்பத்தி போர்டில் எண் எழுதப்படுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். அவர் பார்த்தது டெய்லரின் கையை மட்டுமன்று, துணியையும்தான். லைக்ரா கலந்த துணி ஓவர்லாக்கில் எப்படிச் சுருளும் என்பது அவருடைய விரல்களுக்குப் பழகிய செய்தி. ஊசி உடைந்தால் துண்டுகள் எல்லாம் கிடைத்து, அவற்றைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிய பிறகே புது ஊசி தர வேண்டும் என்ற விதியைக் குறுக்கு வழியின்றிக் கடைப்பிடிப்பதில் பெண் சூப்பர்வைசர்களுக்கு நிகராக எவரையும் கட்டுரையாளர் கண்டதில்லை. அந்தச் சட்டையைப் போடப்போவது ஒரு குழந்தை என்பதை அவர்கள் மறப்பதில்லை.

சிக்கல் தொடங்குவது லைனை விட்டு வெளியே காலெடுத்து வைக்கும்போது. பேட்லாக்கில் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி முனை மழுங்கியிருக்கலாம், ஊசி சற்றே திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கலாம், லூப்பரின் நேரம் பிசகியிருக்கலாம். முதல் இரண்டையும் டெய்லரே சரி செய்துவிடுவார், மூன்றாவதற்கு மெக்கானிக் வர வேண்டும். ஒரு தளத்துக்கு இரண்டு மெக்கானிக்குகள், ஆறு லைன்கள். யாருடைய அழைப்புக்கு முதலில் செல்வது என்பதை எந்த விதியும் தீர்மானிப்பதில்லை; பழக்கம் தீர்மானிக்கிறது. ஆண் சூப்பர்வைசர் மெக்கானிக்குடன் டீ குடிக்கச் சென்றவர், ஒரே வண்டியில் வீடு திரும்புபவர், பத்து மணிக்கு அழைத்தால் பத்து ஐந்துக்கு ஆள் வந்துவிடும். பெண் சூப்பர்வைசர் அதே நேரத்தில் அழைத்தால், "வர்றேன் போங்கக்கா" என்ற பதில் உடனே வரும். ஆள் வர முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில் 60 பீஸுக்கு மேல் குவிந்து, அடுத்த எந்திரங்கள் காத்துக் கிடந்து, பதினொரு மணிக்கு போர்டில் எழுதப்படும் எண் 90க்குப் பதிலாக 30 என்று நிற்கும். நண்பகலில் தளத்தைச் சுற்றி வரும் மேலாளர் கண்ணில் படுவது அந்த 30 மட்டுமே. மெக்கானிக் எப்போது வந்தார் என்பதை எழுதப் போர்டில் ஒரு கட்டம் இல்லாததால், குறை முழுவதும் சூப்பர்வைசருடையதாகிவிடுகிறது.

நூல் ஸ்டோரிலும் இதே கதைதான். ஷேடு பொருந்தாத நூலைத் திருப்பிக் கொடுக்கச் சென்றால் ஸ்டோர்கீப்பர், "இன்சார்ஜ் கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்பார்; ஆண் சூப்பர்வைசரிடம் அந்தக் கையெழுத்தைக் கேட்பதில்லை. கட்டிங்கிலிருந்து வந்த பண்டிலில் கை பீஸ் நான்கு குறைந்தால், கட்டிங் மாஸ்டர் "எண்ணிப் பாருங்கம்மா, சரியாத்தான் குடுத்தோம்" என்று முடித்துவிடுவார். குறைந்த நான்கும் மாலையில் லைனின் கணக்கில் காணாமல் போனவையாக எழுதப்படும். ஒவ்வொன்றும் தனியே எடுத்துப் பார்த்தால் சிறு செய்தி, புகாராக எழுதினால் அற்பமாகத் தோன்றும். ஆனால் சூப்பர்வைசரின் வேலையில் பாதிக்கு மேல் லைனுக்கு வெளியே உள்ளவர்களிடமிருந்து பொருளையும் ஆளையும் நேரத்தையும் வாங்கி வருவதாகவே இருப்பதால், இவை சேர்ந்து ஒரு மாதத்தில் ஒருவரை 'லைன் நடத்தத் தெரியாதவர்' என்று முத்திரை குத்திவிடுகின்றன. அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இல் ஒரு பெருநிறுவனத்தை ஆராய்ந்து எழுதிய நூலில், பெரும்பான்மையினர் நடுவே தன்னந்தனியாக வைக்கப்படும் சிறுபான்மையினர் தனி மனிதர்களாகப் பார்க்கப்படாமல் தங்கள் இனத்தின் அடையாளமாகவே பார்க்கப்படுகின்றனர் என்று விளக்கியிருக்கிறார். ஆறு லைன்களில் ஒரு லைனுக்கு மட்டும் பெண் சூப்பர்வைசர் என்று இருக்கும் தளத்தில் இது கண்கூடு. ஓர் ஆணின் லைன் விழுந்தால் அந்த ஆணின் பெயர் சொல்லப்படுகிறது. பெண்ணின் லைன் விழுந்தால் "பொம்பளைங்களால ஆகாது" என்று சொல்லப்படுகிறது.

சத்தம் போடுவது தலைமையின் அடையாளம் என்ற நம்பிக்கை இத்தொழிலில் ஆழ வேரூன்றியிருக்கிறது. லைனின் தலைமாட்டில் நின்று கத்தினால் பீஸ் வேகமாக நகரும் என்று மேலாளர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அமைதியாக நடந்து, எந்திரத்தின் அருகே குனிந்து பேசும் சூப்பர்வைசரை 'கண்டிப்பு இல்லாதவர்' என்று மதிப்பிடுகிறார்கள். கத்தலுக்குப் பின் அடுத்த அரை மணி நேரம் கைகள் வேகமாக ஓடுவது உண்மையே. அந்த அரை மணி நேரத்தில் தைத்த பீஸ்கள் செக்கரிடம் எத்தனை திரும்பி வந்தன, திட்டு வாங்கிய டெய்லர் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தாரா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆதாயம் கரைந்துவிடும். திருப்பூரில் டெய்லருக்கு எப்போதும் தட்டுப்பாடு. அவமானப்பட்டவர் ஆலைக்கு வெளியே ஒட்டியிருக்கும் 'டெய்லர்கள் தேவை' என்ற பலகையைப் பார்த்து அடுத்த தெருவுக்குச் சென்றுவிடுவார். ஆள் வராத நாற்காலியின் இழப்பு எந்தக் கத்தலாலும் ஈடாகாது.

வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஆலைகளில் மக்கியவெல்லோ, மென்சல், ரப்பானி, உட்ரஃப் ஆகிய பொருளியலாளர்கள் நடத்திய கள ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. சூப்பர்வைசர் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களுக்கும் ஆண்களுக்கும் திறன் சோதனைகளில் பெரிய வேறுபாடு இல்லாதபோதும், தொழிலாளர்களும் மேலாளர்களும் ஆண்களே சிறந்தவர்கள் என்று நம்பியதையும், தொடக்கத்தில் பெண் சூப்பர்வைசர்களுக்குக் குறைந்த மதிப்பெண்ணே கொடுத்ததையும், சில மாதங்கள் அவர்களுடைய கீழ் வேலை செய்த பிறகு அந்த இடைவெளி பெரிதும் மறைந்ததையும் அவர்கள் கண்டறிந்தனர். திருப்பூரில் கண்டதும் இதையே உறுதிப்படுத்துகிறது. ஆனால் இங்கே அந்தச் சில மாதங்களை யாரும் கொடுப்பதில்லை. கப்பல் தேதி நெருங்கும் ஓர் ஆர்டரின் நடுவே பெண்ணைச் சூப்பர்வைசராக்கி, முதல் இரண்டு வாரத்தின் எண்களை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். புதிய ஸ்டைல் லைனில் ஏறினால் திறன் நிலைபெறச் சில நாட்கள் ஆகும் என்பதை ஒவ்வொரு மேலாளரும் ஏற்றுக்கொள்கிறார். புதிய சூப்பர்வைசருக்கும் அப்படி ஒரு காலம் வேண்டும் என்பதை ஏற்பதில்லை.

பெண்களே பதவி உயர்வை விரும்புவதில்லை என்ற கூற்றில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அதன் காரணம்தான் தவறாகச் சொல்லப்படுகிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் ஒரு நல்ல பேட்லாக் டெய்லர், சீசன் காலத்தில் ஒன்றரை ஷிப்ட் செய்தால், அதாவது 12 மணி நேரம் தைத்தால், மாதச் சம்பளத்தில் இருக்கும் சூப்பர்வைசரைவிடக் கூடுதலாகவே வீட்டுக்குக் கொண்டு செல்கிறார். அதுவும் சனிக்கிழமைதோறும் கையில் வரும் பணம். வாரத் தவணையும் மகளிர் குழுக் கடனும் அந்தச் சனிக்கிழமையை நம்பியே ஓடுகின்றன. சூப்பர்வைசரானால் பணம் குறைந்து, மாதத்துக்கு ஒருமுறை வந்து, பழி மட்டும் நாள்தோறும் வரும். இதைக் கணக்கிட்டு மறுக்கும் பெண்ணிடம் ஆசை இல்லை என்று சொல்வது நியாயமன்று. குடும்பத்தின் வரவு செலவை நடத்துபவர் செய்ய வேண்டிய முடிவைத்தான் அவர் செய்திருக்கிறார். பதவி உயர்வில் எவருக்கும் முந்தைய மூன்று மாதத்தின் சராசரி வருமானத்துக்குக் குறையாத சம்பளம் என்று ஓர் ஆலையில் விதி வகுத்து, முதல் ஆறு மாதத்துக்கு அதை வாரம்தோறும் கொடுத்தபோது, முன்பு மறுத்தவர்கள் தாமாகவே வந்து கேட்டார்கள்.

நேரம் அடுத்த தடை. ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு எட்டரை ஆகும். அதற்குப் பின்னரே மறுநாள் திட்டக் கூட்டம். டெய்லர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி வேன் எட்டே முக்காலுக்குக் கிளம்பிவிடும். வேனில் ஏறினால் கூட்டத்தில் இருக்க முடியாது. கூட்டத்தில் இல்லாவிட்டால் எளிதான ஸ்டைல் பக்கத்து லைனுக்குப் போய், சிக்கலான காலர் வேலை, கூட்டத்துக்கு வராதவர் தலையில் விழும். அக்கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு மாற்றுவதற்கு எந்த முதலீடும் தேவையில்லை. மாற்றிய ஆலையில் மேலாளர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். கட்டிங் குறைபாடுகளை அன்று மாலையே சரி செய்ய முடிவதைக் கண்ட பிறகு, பழைய நேரத்துக்குத் திரும்பும் பேச்சை அவர்களே விட்டுவிட்டார்கள்.

சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிட முன்னால் நின்றிருக்கிறது. சம ஊதியச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டபோது ஊதியத்தையும் ஆள் சேர்ப்பையும் மட்டுமே பேசியது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றிலும் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்று சேர்த்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று விதித்திருந்த பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, இரவு ஷிப்டுக்குச் சில நிபந்தனைகளையும் வகுத்தது. போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றோடு, இரவு ஷிப்டின் மேற்பார்வைப் பணியாளர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. பெண் தொழிலாளியின் பாதுகாப்பு என்பது வாசலில் நிற்கும் காவலாளியோடு முடிந்துவிடுவதன்று, அவருக்கு வேலை சொல்பவர் யார் என்பதிலும் இருக்கிறது என்ற தெளிவு அந்த நிபந்தனையில் தென்படுகிறது.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இத்தகைய ஒரு நுட்பம் உண்டு. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதன் தலைவர் அங்கே உயர்நிலையில் பணியாற்றும் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். ஆயிரம் பெண்கள் தைக்கும் ஆலையில் உயர்நிலையில் ஒரு பெண்கூட இல்லாதபோது, அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண் ஒருவரைத் தலைவராகக் காட்டிப் பலகையில் பெயர் எழுதிவிடுவது வழக்கம். தன் சம்பளத்துக்குக் கையெழுத்திடும் மேலாளரை விசாரிக்கும் நிலையில் அவர் இருப்பதில்லை என்பது தளத்தில் உள்ள ஒவ்வொரு டெய்லருக்கும் தெரியும். ஆகவே அந்தக் குழுவுக்குப் புகார் வருவதில்லை, புகார் வராததே ஆலை ஒழுங்காக இருப்பதன் சான்றாகத் தணிக்கைக்கு வருபவரிடம் காட்டப்படுகிறது.

தொந்தரவுக்கு இடம் தருவது சூப்பர்வைசரின் கையில் குவிந்திருக்கும் சிறு அதிகாரங்கள். கடினமான எந்திரத்தில் போடுவது, கழிப்பறைக்குச் செல்ல அனுமதிப்பது, விடுப்புச் சீட்டில் கையெழுத்திடுவது, ஓவர்டைம் கொடுப்பது ஆகிய யாவும் எழுத்தில் இல்லாத முடிவுகள். இவற்றை வைத்தே ஒருவரைப் பணிய வைக்க முடியும். திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றின் பெண் தொழிலாளி 2021இல் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த போராட்டத்தின் விளைவாக, பெண்கள், குறிப்பாகத் தலித் பெண்கள், தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022இல் கையெழுத்திட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. தொழிலாளர்களிலிருந்தே தளக் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து, பயிற்சியளித்து, தொந்தரவை அன்றன்றே எடுத்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் அது ஒப்படைத்தது. எந்திரத்தில் அமர்ந்திருப்பவரே தலைமைப் பொறுப்பும் ஏற்க முடியும் என்பதை, மேலாண்மை நிபுணர்களுக்கு முன்பாக ஒரு தொழிற்சங்கம் நடைமுறைப்படுத்திக் காட்டியிருக்கிறது.

பெண்ணைச் சூப்பர்வைசராக்கினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைப்பதும் சரியன்று. மேலிருந்து வரும் டார்கெட் அப்படியே இருக்கும்போது, அதே நெருக்கடியில் பெண்ணும் கத்தத் தொடங்குவார். சில இடங்களில் ஆண்களைவிடக் கடுமையாகப் பேசித் தன் தகுதியை நிலைநாட்ட முயன்றவர்கள் உண்டு. எந்தப் பெண் உயர்த்தப்படுகிறார் என்பதிலும் சாதி பார்க்கப்படுகிறது. மேலாளரின் ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற வழியில் வரும் பெண்ணுக்குக் கிடைக்கும் வாய்ப்பு, அவரைவிட நன்றாகத் தைக்கும் தலித் பெண்ணுக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்களுக்கோ, தமிழ் தெரியாது என்ற ஒரே காரணத்தால் இந்தப் பேச்சே எட்டுவதில்லை. அவர்களோடு தட்டுத்தடுமாறி இந்தி பேசப் பழகிய தமிழ்ப் பெண் சூப்பர்வைசர்களின் லைன்களில் ஆள் நிற்பது கூடியதைக் கண்ட பிறகு, விடுதியில் இருந்தவர்களிலிருந்தே இருவரைத் தேர்ந்து பயிற்சியில் சேர்த்த ஆலைகளும் உண்டு. அம்முயற்சி பெருக வேண்டும்.

கட்டுரையாளர் கண்ட அளவில் நிலைத்த மாற்றத்தைத் தந்தவை பெரிய திட்டங்களல்ல. ஒரு தளத்தில் ஒரே ஒரு பெண்ணை உயர்த்தாமல், மூவரை ஒரே நாளில் உயர்த்தியது முதலாவது; அப்போது ஒருவரின் தோல்வி பெண்ணினத்தின் தோல்வியாக எழுதப்படுவதில்லை, மூவரும் உணவு வேளையில் தங்களுக்குள் கலந்துகொள்ளவும் முடிகிறது. நியமனக் கடிதத்தில் பதவிப் பெயரோடு அதிகாரத்தையும் எழுதியது அதைவிட முக்கியம்: இன்ன தொகை வரை ஸ்டோரிலிருந்து மேல் கையெழுத்தின்றிப் பொருள் எடுக்கலாம், லைனுக்குள் டெய்லரை இடம் மாற்றலாம், ஒரு நாள் விடுப்பைத் தாமே அனுமதிக்கலாம், பண்டிலில் பீஸ் குறைந்தால் கட்டிங் பிரிவின் கணக்கில் எழுதலாம். அக்கடிதத்தின் நகல் ஸ்டோர்கீப்பருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் மெக்கானிக்குக்கும் சென்றது. போர்டில் மணிவாரி எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் வரையப்பட்டன: மெக்கானிக்கை அழைத்த நேரம், மெக்கானிக் வந்த நேரம். யாரையும் கண்டிக்கவில்லை, கூட்டம் போட்டு அறிவுரை சொல்லவுமில்லை. இரண்டாவது வாரத்திலேயே எல்லா லைன்களின் காத்திருப்பும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆண் சூப்பர்வைசர்களில் இளையவர்களும் மெக்கானிக்கோடு பழக்கம் இல்லாதவர்களும் தாங்களும் அதுவரை காத்துக் கிடந்ததை அப்போதுதான் வெளியே சொன்னார்கள்.

அடுத்த படி இன்னும் அடைபட்டே கிடக்கிறது. ஃப்ளோர் இன்சார்ஜ் பதவிக்குப் பட்டமோ பட்டயமோ வேண்டும் என்று ஆலைகள் கேட்கின்றன. பத்தாம் வகுப்பை முடித்தோ முடிக்காமலோ எந்திரத்துக்கு வந்த தலைமுறைப் பெண்களுக்கு அது எட்டாது. தற்போது அப்பதவியில் உள்ள மூத்த ஆண்களில் பலரும் பட்டம் இல்லாதவர்களே என்பதால், இந்த நிபந்தனை வேலைக்குத் தேவையானதா என்பதை ஆலைகள் மறுபரிசீலனை செய்தாக வேண்டும். சாம் கணக்கு, திட்டமிடல், கணினியில் அறிக்கை எழுதுதல் ஆகிய மூன்றும் அப்பதவிக்கு வேண்டும். மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே, நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, சம்பளத்தைப் பிடிக்காமல் கற்றுக்கொடுக்க முடியும். மகப்பேறு விடுப்பு 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 26 வாரங்களாக உயர்ந்திருக்கும் நிலையில், விடுப்பு முடிந்து வருபவரைப் பழைய லைனுக்கே சூப்பர்வைசராக அமர்த்த வேண்டும் என்பதையும் நிலையாணைகளில் எழுதிச் சேர்க்க வேண்டும். ஏனெனில் விடுப்பில் சென்றவரின் லைன் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டு, அவர் திரும்பி வரும்போது செக்கிங் மேசையில்தான் இடம் இருக்கிறது என்று சொல்லப்படுவது பல ஆலைகளில் இன்றும் நடக்கிறது.